வயலில் நிற்கிறவள்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. அக்கா போனபிறகு அவளுடைய பிள்ளைகள் இரண்டும் என் கையால் சோறு தின்றுதான் வளர்ந்தன. ஏழு பேரும் இன்றைக்கு ஒருவருடைய தயவும் இல்லாமல் இருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்குமேல் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகளின் மகள். ஜேர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது, ஆட்கள் கதைக்கிறதை மட்டும் கதைக்கிற மாதிரியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

எர்லாங்கனில் எனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். தன் பெயர் எழுத்தில் வருவது அவளுக்குப் பிடிக்காது. நாங்கள் அவளைக் கமக்காரி என்போம். காணியும் அவளுடையது, கமமும், அதாவது பயிர்ச்செய்கையும், அவளுடையது, வேறு என்ன பெயர் வைப்பது? என்னிலும் பதினைந்து வயது இளையவள் என்பதால் ‘அவள்’ என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவு இல்லை.

“அம்மம்மா, அவ கறுப்பு எண்டதை எழுதட்டோ, விடட்டோ?” என்று இவள் கேட்கிறாள்.

“எழுது. அவவே அதை ஒளிக்கேல்லை. நாங்கள் ஏன் ஒளிப்பான்?”

கறுப்பு. என்னைவிடக் கறுப்பு, நானே சின்ன வயதில் கறுப்பி என்று பட்டம் வாங்கினவள். தாய் அந்த ஊர்க் கமக்காரர் ஒருவரின் மகள், வெள்ளைக்காரி. தகப்பன் அந்தக் காலத்தில் எர்லாங்கனில் முகாம் போட்டிருந்த அமெரிக்கப் பட்டாளத்தில் இருந்த கறுப்பு மனிதர். பிள்ளை பிறக்கமுதல் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கமக்காரி பிறந்தது அந்த வீட்டில், வளர்ந்தது அந்த வயலில். டொச், அதாவது ஜேர்மன் மொழிதான் அவளுடைய தாய்மொழி, அதுவும் அந்த ஊர்க்காரர் பேசுகிற தடித்த டொச். என் மகனுக்கே பாதி விளங்காது. அவளோடு பழகப் பழக எனக்குக் காதால் விளங்கிவிட்டது, வாயால் கொஞ்சம்தான் வரும்; அவள் டொச்சில் சொன்னவற்றை நான் என் தமிழில்தான் சொல்ல முடியும்.

அப்போது நான் மூத்த மகனோடு எர்லாங்கனில் இருந்தேன். ஊருக்கு வெளியே காய்கறி விளைகிற பூமி. அங்கே ஒரு கமக்காரர் ரோட்டுக்கரை நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார் என்று மகன் கேள்விப்பட்டான். வீட்டில் சும்மா இருந்தால் எனக்கு வாய் கூடிவிடும் என்பது அவனுடைய பயம். ஒரு துண்டு எடுத்துத் தந்தான்.

நிலம் பார்க்கப் போன அன்று குளிர் இன்னும் விடவில்லை. ரோட்டுக்கரைத் துண்டுகளுக்கு அப்பால் பெரிய வயல். அதன் நடுவில், குருவி விரட்ட வைக்கிற பொம்மை, ஒரு வெருளி நின்றது. பச்சைக் கம்பளித் தொப்பி, முழங்கால் வரைக்கும் கோட்டு, ஒரு காலில் பச்சை பூட்ஸ், மற்றதில் கறுப்பு பூட்ஸ்.

“பாரடா, வெருளிக்கு எவ்வளவு வடிவாய் உடுப்புப் போட்டு விட்டிருக்கிறாங்கள்” என்று மகனிடம் சொன்னேன்.

வெருளி தும்மியது.

“அம்மா, அது ஆள்!” என்றான் அவன்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தமிழில் சொன்னது அவளுக்கு விளங்கியிராது என்றாலும், சொன்னவள் நான் அல்லவா? ஒரு வணக்கமாவது சொல்லுவோம் என்று வரப்போடு நடந்தேன். அவள் திரும்பவில்லை. இடுப்பளவில் உள்ளங்கையைக் காட்டினாள். நில் என்று அர்த்தம். ஒருவர் கை காட்டி நிற்கிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு நின்றேன். கால் விறைக்கும்வரை நின்றேன். பிறகு வானத்தில் இருந்து ஒரு குருவி குத்துக்கரணம் அடித்துக் கத்திக்கொண்டு வந்து, எங்களுக்கு முன்னால் வெறும் மண்ணில் இறங்கியது.

“எங்கடை ஆக்காட்டி!” என்று கத்திவிட்டேன்.

“கீபிட்ஸ்” என்றாள் அவள்.

“ஆக்காட்டி.”

“கீபிட்ஸ்.”

மகன் இடையில் புகுந்து மொழிபெயர்த்தான். எங்கள் ஆக்காட்டிக்குக் கண்ணோரம் சிவப்பு, இதற்குத் தலையில் குடுமி, குணம் ஒன்றுதான். ஆளைக் கண்டால் கத்திக் காட்டிக்கொடுக்கும், அதனால்தான் ஆள்காட்டி, ஆக்காட்டி என்று சொல்லச் சொன்னேன். அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்ப இது என்ரை ஊராக்களின்ரை குருவி. என்னை வயலிலை கண்டால் அவையும் இப்பிடித்தான் கத்துவினம்.”

சிரிப்பாகத்தான் சொன்னாள். அதை நான் வீட்டுக்குப் போனபிறகுதான் யோசித்தேன்.

ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் தோட்டக்காரரின் பெயரை எழுதி ஒரு பலகை நடுவது அவளுடைய வழக்கம். என் துண்டுக்கு அடுத்த வாரம் பலகை வந்தது. மகன் வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ‘திருமதி அக்கா’ என்று எழுதியிருக்கிறதாம். தோட்டத்துக்கு வந்துபோகிற எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னை அக்கா, அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டாள். மாற்றச் சொல்லட்டோ என்று மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். என் வயதுக்கு அது பொருத்தமான பெயர்தான். அவள் இன்றுவரை என்னை ‘நீங்கள், அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறாள். மூத்தவளை எப்படி அழைப்பது என்று தெரியாமலே சரியாக அழைத்தாள்.

நான் விட்ட பிழை இன்னொன்று. எங்கள் பேச்சில் ‘எங்கை நிக்கிறீர்?’ என்று கேட்டால் எந்த இடத்தில் இருக்கிறீர் என்றுதான் அர்த்தம். கட்டிலில் படுத்திருக்கிறவளும் ‘வீட்டிலை நிக்கிறன்’ என்றுதான் சொல்வாள். எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சில் அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றித் தொலைபேசியில் அவளிடம் கேட்பேன். அவள் மிகவும் பொறுப்பாகப் பதில் சொல்வாள்: “வாய்க்காலுக்குப் பக்கத்திலை, அக்கா. இடது காலிலை.” பல நாள் கழித்துத்தான் ஒருநாள் கேட்டாள், நான் எங்கே நிற்கிறேன் என்பதில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று. விளங்கப்படுத்தினேன். அந்தச் சொல் அவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. இருக்கிறதுக்கும் நிற்கிறதுக்கும் ஒரே சொல்லா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தமிழில் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுப் பழகினாள்.

ஏனென்றால் அவள் செய்தது எல்லாம் நிற்கிறதுதான்.

குருவி பார்க்கிறவர்கள் அலைவார்கள் என்று நினைத்திருந்தேன். இவள் அலையமாட்டாள். வசந்த காலத்தில் விடிந்தவுடன் வயல் விளிம்பில் போய் நிற்பாள். கழுத்தில் தூரக்கண்ணாடி, கோட்டுப் பையில் ஒரு ராடிஷ் கிழங்கு, உப்புப் பொட்டலம். கடித்துக்கொண்டு நிற்பாள். அசையாத ஆளைக் குருவி கொஞ்ச நேரத்தில் கம்பம் என்று எண்ணிவிடும் என்பாள். அது எங்கே இறங்கி உட்காருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அது இரை தேடப் போன நேரத்தில் போய் முட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு மூங்கில் தடி, அந்தப் பக்கம் ஒரு தடி நட்டுவிட்டு வருவாள். ஆக்காட்டிக்குக் கூடு கட்டத் தெரியாது. வெறும் உழவு நிலத்தில் மண் நிறத்தில் முட்டை போட்டுவிட்டு அதன்மேல் குந்தியிருக்கும். உழவு இயந்திரம் ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. இரண்டு தடியைக் கண்டால் நடுவை விட்டுச் சுற்றிப்போக வேண்டும். அது அந்தப் பக்கத்துக் கமக்காரருக்குள் இருக்கிற வழக்கம்.

ஒரு குருவியையும் அவள் விரலால் காட்டமாட்டாள். நாடியை, மோவாயைத்தான், நிமிர்த்திக் காட்டுவாள். நாங்களும் அப்படித்தானே காட்டுகிறோம் என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் ஏன் என்று கேட்டபோது சொன்னாள்:

“சின்னனிலை பஸ்ஸிலை ஏறினால் பிள்ளையள் எல்லாம் என்னை விரலாலை காட்டுவினம். குருவிக்கு அதைச் செய்ய மனம் வரேல்லை.”

தகப்பனைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. தாயும் அவரும் சந்தித்ததே இந்த வயல் கரையில்தானாம். அவர் சீருடையோடு ரோட்டில் நின்று, இது என்ன பறவை என்று சைகையால் கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டாருக்கும் அமெரிக்காவில் தெற்கே கமம் இருந்தது. தகப்பன் இறந்தபிறகு, நாற்பது வயதில் அவள் அங்கே போயிருக்கிறாள்.

“என்ன சொன்னவை?” என்று கேட்டேன்.

“ஆர் நீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, அக்கா. மாமி ஒருத்தி கதவைத் திறந்தா. என்ரை மூக்கைப் பாத்தா. உள்ளுக்கு வா எண்டா. பிறகு வயலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கத்தையான் குருவியள் எல்லாத்துக்கும் பேர் சொன்னா. நில்லு, இஞ்சையே நில்லு எண்டிச்சினம்.”

“பிறகு ஏன் வந்தீர்?”

“அங்கை கீபிட்ஸ் இல்லையே.”

இதைச் சொல்லிவிட்டு ராடிஷைக் கடித்தாள்.

எர்லாங்கனில் குருவி பார்க்கிறவர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பார்கள். ஒருமுறை அவளும் போனாளாம். எல்லாரும் நல்ல சனம். ஒரு மனிதர் மிகவும் அன்பாகக் கேட்டிருக்கிறார்: “உங்கள் ஊரில் வண்ண வண்ணமான பறவைகள் இருக்குமே, எது எது?” இவள், “என் ஊரில் கீபிட்ஸ், வானம்பாடி, காகம்” என்றிருக்கிறாள். “அப்படியா, உங்கள் ஊர் எது?” “அந்தச் சிவப்புக் கூரை தெரிகிறதே, அது.” மனிதர் சிவந்துபோனாராம். அவருக்காகத் தான் பரிதாபப்பட்டதாகச் சொன்னாள். ஆனால் அடுத்த ஞாயிறு போகவில்லை.

எங்கள் ஆட்களையும் சொல்லத்தான் வேண்டும். கோயிலில் ஒருத்தி கேட்டாள், “அக்கா, கறுவலின்ரை காணியோ எடுத்தனீங்கள்?” என்று.

“ஓம். கறுவலின்ரை காணியிலை கறுப்பி பூசணி போட்டிருக்கிறாள். காய்ச்சால் உனக்கு மட்டும் தரமாட்டன்” என்றேன். தரவும் இல்லை.

வயலோரத்து ரோட்டில் இந்தியப் பெடியன்கள் சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். எல்லாரும் படித்தவர்கள். அதில் ஒரு தமிழ்ப் பெடியன் என் துண்டில் மிளகாய்ச் செடியைக் கண்டு சைக்கிளை நிறுத்தினவன், பிறகு தினமும் நிறுத்துவான். ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“ஆண்ட்டி, அந்த லேடி எந்த கன்ட்ரி? ஆஃப்ரிக்காவா? சீசன் வேலைக்கு வந்திருக்காங்களா?”

“நீர் சைக்கிளை நிப்பாட்டியிருக்கிறது அவவின்ரை காணியிலை. நீர் எந்த நாடு?”

“நான்… திருச்சி, ஆண்ட்டி.”

“அப்ப அவவிட்டைப் போய் உத்தரவு கேட்டிட்டு நில்லும்.”

நல்ல பெடியன். போய்க் கேட்டான். அவள் தூரக்கண்ணாடியைக் கொடுத்தாள். அன்றைக்கு அவன் வேலைக்குப் பிந்தித்தான் போனான்.

பொலிஸ் வந்தது அதற்குப் பிந்தின வசந்தத்தில். நானும் பக்கத்தில் நின்றேன். ரோட்டில் கார் நின்றது. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், இரண்டும் பால்முகம்.

“இஞ்சை என்ன செய்யிறீங்கள்?”

“நிக்கிறன்.”

“அது தெரியுது. ஏன் நிக்கிறீங்கள்?”

“அது முட்டைக்குத் திரும்பி வரும்வரைக்கும்.”

“எது?”

நாடியை நிமிர்த்திக் காட்டினாள்.

“அடையாள அட்டை இருக்கோ?”

“வீட்டிலை. அந்தச் சிவப்புக் கூரை. இப்ப நாங்கள் நடந்தால் அது பயந்து போயிடும். அது வந்து இருக்கட்டும், பிறகு நாலு பேருமாய்ப் போவம்.”

“நாலாவது ஆர்?”

“அக்கா.”

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தலையாட்டினேன். இரண்டு பெடியன்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் அவர்களும் நின்றார்கள். வயலில் நாலு வெருளிகள். குருவி வந்து இருந்தபிறகுதான் அவள் காலை எடுத்தாள். வீட்டில் அட்டையைக் காட்டினாள். பொலிஸ்காரர், யாரோ எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள், நாங்கள் வரத்தானே வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார் போனபிறகு எனக்குத் தேத்தண்ணீர் ஊற்ற ஃபிளாஸ்கைத் திறந்தாள். மூடி கிண்ணத்தில் கடகடவென்று அடித்தது. ஊற்ற முடியவில்லை.

“குளிர்” என்றாள்.

அன்றைக்குக் குளிரவில்லை. நான் ஃபிளாஸ்கை வாங்கி ஊற்றினேன். அப்போதுதான் கேட்டேன், ஏன் பிள்ளை, அட்டையைக் கையோடு கொண்டுதிரிந்தால் என்ன என்று.

“என்ரை வயலுக்கோ?” என்றாள். பிறகு, “சின்னனிலை ஆரும் அதட்டினால் ஓடுவன். ஓடினால் களவெடுத்திட்டு ஓடுறாள் எண்டுவினம். அதுக்குப் பிறகுதான் நிக்கப் பழகினனான், அக்கா. குருவி பாக்க வந்தது பிறகு” என்றாள்.

அவளுக்குத் தாய்மாமன் மகன் ஒருவன் இருந்தான். பக்கத்து வயல் அவனுடையது. எங்கள் முறைப்படி மச்சான் என்றேன். மச்சான் என்றால் கட்டிக்கொள்கிற முறை என்று சொன்னபோது கமக்காரி நெடுநேரம் சிரித்தாள். அந்த மச்சான் கெட்டவன் இல்லை. ஆனால் பாட்டனார், எங்கள் பேச்சில் அப்பு, அந்த வயலைத் தன் மகளான இவளுடைய தாய்க்கு எழுதி, அது இவளுக்கு வந்தது அவன் மனதில் ஒருநாளும் படியவில்லை. எங்கள் அப்புவின் காணி, எங்கள் அப்புவின் காணி என்பான், இவளுக்கு அந்த அப்பு யாரோ போல. நீ தனி ஆள், உனக்கு ஏன் இந்தத் தொல்லை, எனக்குத் தந்துவிட்டு நகரத்தில் ஒரு வீடு பார் என்று வருடம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பொலிஸ் வந்ததற்கு அடுத்த வசந்தம், கவிழ்த்த பெட்டியில் இருந்துகொண்டு அவள் சொன்னாள்:

“அக்கா, இந்த வருசத்தோடை விடுறன். மச்சானுக்குக் குடுக்கப் போறன். வெள்ளிக்கிழமை காணி எழுதுறதுக்கு டெர்மின், நேரம் குறிச்சாச்சு.”

“பொலிஸ் வந்ததுக்கோ?”

“பொலிஸ் ஒருக்காத்தான் வந்தது. ஆக்கள் ஒவ்வொரு நாளும் வருகினம். நாய் கொண்டுபோற மனுசி, இது ஆரின்ரை காணி எண்டு தெரியுமோ எண்டு கேக்கிறா. என்ரை எண்டால் சிரிக்கிறா. போன கிழமையும் கேட்டா, இந்தக் கிழமையும் கேட்டா. எனக்கு அறுபது தாண்டீட்டுது. நிண்டு நிண்டு களைச்சுப்போனன்.”

அவள் வாயில் களைப்பு என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது, ஏசத்தான் வரும். ஏசினேன்.

“டவுனிலை மூண்டாம் மாடியிலை இருந்து என்னத்தைப் பாக்கப் போறீர்? புறாவையோ?”

“புறாவும் பறவைதானே, அக்கா.”

“உம்மடை மச்சான் தடி நடுவானோ?”

வயலில் மூன்று சோடித் தடிகள் நின்றன. மூன்று இடத்திலும் முட்டை இருந்தது.

வெள்ளிக்கிழமை வரமுதலே ஒருநாள் காலையில் பெரிய உழவு இயந்திரம் வந்தது. வீடு அளவு இயந்திரம். அவளிடம் சொந்தமாக ஒரு சின்னக் கிழட்டு இயந்திரம்தான் உண்டு. பெரிய வேலைக்கு வெளியில் இருந்து கூப்பிடுவது வழக்கம். ஆனால் அவள் இன்னும் கூப்பிடவில்லை. நான் என் துண்டில் பூசணிக்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கையில் இயந்திரம் வயலுக்குள் திரும்புகிறது, அதற்கு முன்னால் பச்சைத் தொப்பி. முதல் சோடித் தடிக்கு முன்னால் போய் நிற்கிறாள்.

ஓட்டுகிறவன் புதியவன். கண்ணாடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

“ரோட்டுக்கரைத் துண்டுக்காரரோ? உங்கடை பக்கம் அங்கை. இது வயல். விலகுங்கோ.”

“நிக்கிறன்” என்றாள்.

“காணிக்காரர் சொல்லித்தான் வந்தனான். தடியளைப் பாக்காதை, எல்லாத்தையும் உழு எண்டவர்.”

“எந்தக் காணிக்காரர்?”

அவன் மச்சானின் பெயரைச் சொன்னான்.

அவள் முகத்தை நான் தூரத்தில் இருந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை எழுதப்போகிற காணிக்கு அவன் அதற்கு முதலே காணிக்காரன் ஆகிவிட்டான். குருவிகள் மேலே சுற்றிச் சுற்றிக் கத்தின. ஓட்டுகிறவன் இயந்திரத்தை உறுமவிட்டுப் பார்த்தான். அவள் அசையவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

நான் மண்வெட்டியோடு நடந்தேன். எனக்கு முழங்கால் வருத்தம் பெரிய வருத்தம். அன்றைக்கு அது எங்கே போனது என்று தெரியாது. போய் அவளுக்குப் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த டொச்சில், “நானும் நிக்கிறன்” என்றேன். அந்த நேரம் பார்த்துத் திருச்சிப் பெடியன் சைக்கிளில் வந்தான்.

“என்ன ஆண்ட்டி, என்ன ப்ராப்ளம்?”

“வந்து நில்லும்.”

“எட்டரைக்கு மீட்டிங் இருக்கு ஆண்ட்டி.”

“நிண்டுகொண்டு கதையும்.”

சைக்கிளைப் போட்டுவிட்டு வந்தான். தலைக்கவசத்தோடு, முதுகில் பையோடு மற்றப் பக்கம் நின்றான். உண்மையாகவே காதில் எதையோ மாட்டிக் கூட்டத்தில் கதைக்கத் தொடங்கிவிட்டான். உன் பக்கத்தில் என்ன சத்தம் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டார்களாம்.

ஓட்டுகிறவன் இயந்திரத்தை நிறுத்தினான். கீழே இறங்கினான். அவனுக்கும் இருபத்தைந்து வயதுதான் இருக்கும். “அப்ப உண்மையான காணிக்காரர் ஆர்?” என்று சலிப்போடு கேட்டான்.

கமக்காரி அன்றைக்குத்தான் நிறையக் கதைத்தாள்.

“நான். என்ரை அம்மாவின்ரை காணி, இப்ப என்ரை. உங்களை அனுப்பினவர் என்ரை மாமன்ரை மகன், அவருக்கு இதிலை ஒரு பிடி மண்ணும் இல்லை. இந்த ரெண்டு தடிக்கும் நடுவிலை நாலு முட்டை கிடக்கு. நம்பாட்டில் வாங்கோ, காட்டுறன்.”

தடிகளுக்கு நடுவே அவனைக் கூட்டிப்போனாள். அவன் குனிந்து தேடினான்.

“எங்கை? ஒண்டும் இல்லையே.”

“உங்கடை பூட்சுக்கு முன்னாலை.”

அவன் ஒரு காலைத் தூக்கினவன் தூக்கினபடி நின்றான். “ஐயோ. காலை எங்கை வைக்கிறது?”

“வைக்காதேங்கோ. நில்லுங்கோ.”

கொக்கு மாதிரி நின்றான். அவள் அவன் கையைப் பிடித்து, வந்த அடியிலேயே பின்னால் கூட்டி வந்தாள். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “நான் ஏத்தியிருப்பன்” என்றான். “தெரிஞ்சே இருக்காது.” பிறகு, “அப்ப என்ன செய்யிறது, கமக்காரி அம்மா? சுத்திப் போகட்டோ?” என்று அவளிடம் கேட்டான். அவளிடம்!

“இண்டைக்கு வேண்டாம். குஞ்சு பொரிச்சாப் பிறகு நான் கூப்பிடுறன். உங்களைத்தான் கூப்பிடுவன்.”

இயந்திரம் போனபிறகு அவள் அந்த இடத்திலேயே நின்று மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தேன்; நானாக இருந்தால் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன். அவள் சத்தம் போடவில்லை.

“வெள்ளிக்கிழமை டெர்மினுக்கு நான் வரேல்லை… இல்லை, அடுத்த வெள்ளியும் இல்லை… கோவம் இல்லை. அப்பு எனக்கும் அப்புதான்.”

தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.

“அக்கா, நிக்கிறான்.”

நிக்கிறன் என்று சொல்ல வந்தவள், நாக்குப் புரளாமல் ஆண்பிள்ளை ஒருத்தன் நிற்கிறதாகச் சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. விளங்கினது போதும்.

எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாய்க்கார மனுசி இன்னும் கேட்கிறாளாம். மச்சான் ஒரு வருடம் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவனுடைய மனைவி கேக் ஒன்று செய்துகொண்டு வந்தாள். அவன் காரைவிட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான். கமக்காரி ஒரு துண்டை வெட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடி வழியாகக் கொடுத்தாள். வாங்கித் தின்றான். ஆனால் அந்த ஓட்டுகிற பெடியன் இப்போது வசந்தம் தொடங்கமுதலே அவளுக்குத் தொலைபேசி எடுத்து, தடி நட்டாச்சோ என்று கேட்கிறான். தான் வேலைக்குப் போகிற மற்ற வயல்களிலும் ஆக்காட்டி இறங்கினால் இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிடச் சொல்கிறான். மற்றக் கமக்காரர் வீட்டு வாசலில் போய் அவள் மணி அடித்தால், தடிக்காரி வந்திட்டா என்று கதவைத் திறக்கிறார்களாம். யார் நீ என்று கேட்பதில்லையாம்.

திருச்சிப் பெடியன் தனக்கும் ஒரு துண்டு எடுத்துவிட்டான். மிளகாய் போடத் தெரியாது, எல்லாம் அழுகவிட்டான். மனைவியும் சின்ன மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தூரக்கண்ணாடிக்குச் சண்டை பிடிக்கிறார்களாம்.

முழங்கால் முற்றாக ஏலாமல் போனபின் நான் டோர்ட்மண்டுக்கு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே யன்னலைத் திறந்தால் டிராம்தான் தெரியும். எனக்கு அதில் குறை இல்லை. குளிர் விடுகிற நேரத்தில் தொலைபேசி அடிக்கும். எடுத்தால் அவள் கதைக்கமாட்டாள். முதலில் காற்றுச் சத்தம் கேட்கும், பிறகு ஆக்காட்டி கத்தும். நல்லாய்க் கத்தி முடிந்தபிறகுதான், “அக்கா, சுகமோ?” என்பாள். இந்த வருடம் ஐந்து சோடி என்றாள்.

சரி பிள்ளை, காணும், இவ்வளவும் போதும். இனி நீ வாசி, முதலிலை இருந்து, ஆறுதலாய். அங்கை வந்தாள், இஞ்சை சொன்னாள் எண்டு நீ எல்லாத்தையும் முடிஞ்ச கதையாய் எழுதிக்கொண்டு போறாய்போல கிடக்கு. செத்தவவைப் பற்றி எழுதின மாதிரி ஒரு இடத்திலை கேட்டாலும் நிப்பாட்டுவன், சொல்லிப்போட்டன். அவ இப்ப, இந்த நேரம், வயலிலை நிக்கிறா. வாசி பாப்பம்.